கலர் பிரின்ட்டை அறை வெப்பநிலையிலேயே கழுவுவது: வீட்டு இருட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

கலர் நெகட்டிவிலிருந்து காகிதத்தில் பிரின்ட் போடும் முறைக்கு ஆர்ஏ-4 என்று பெயர். லேப்களில் டெவலப்பரை (காகிதத்தில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்) 35 டிகிரி செல்சியஸில் வைத்து 45 விநாடியில் முடித்துவிடுவார்கள். வீட்டில் அந்த 35 டிகிரியைப் பிடித்துவைக்க முயல்வதுதான் பலர் பாதியில் கைவிடக் காரணம். அதற்கு அவசியமே இல்லை. வெப்பம் குறைந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சாதாரண ட்ரேயில், அறையின் வெப்பத்திலேயே, லேப் தரத்துக்குக் குறையாத பிரின்ட் வரும்.

ஆனால் ஒரு நிபந்தனை. எந்த வெப்பநிலை என்பது உங்கள் விருப்பம்; அன்றைய வேலை முடியும்வரை அது மாறக்கூடாது. கலர் பிரின்ட்டில் திணறுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களை மாற்றிவிட்டு, எது எதைச் செய்தது என்று தெரியாமல் நிற்கிறவர்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது. படிகளை இடம் மாற்ற வேண்டாம்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

என்லார்ஜர் (நெகட்டிவின் படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவி): மஞ்சள், மஜெந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) திருகுகள் உள்ள கலர் ஹெட் இருந்தால் வேலை எளிது. கருப்பு வெள்ளை என்லார்ஜர்தான் இருக்கிறது, ஆனால் விளக்குக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் ஃபில்டர் வைக்கும் தட்டு உண்டு என்றால், கலர் பிரின்ட்டிங்குக்கான ஃபில்டர் தாள்களை வைத்தும் செய்யலாம். விளக்கு ஹாலோஜன் அல்லது இழை பல்பாக இருக்கட்டும். வீட்டு எல்இடி பல்பின் ஒளியில் நிறங்கள் சமமாகப் பரவியிருக்காது. எந்த ஃபில்டர் போட்டாலும் ஏதோ ஒரு நிறம் அடங்காது.

ஸ்டெபிலைசர்: நம் ஊர் மின்சாரத்துக்கு இது ஆடம்பரம் அல்ல. மின்னழுத்தம் சரிந்தால் ஹாலோஜன் விளக்கின் ஒளி குறைவதோடு சிவப்புப் பக்கமும் சாயும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்ட நேரத்தில் எடுத்த பிரின்ட்டும், நிறுத்திய பின் எடுத்ததும் வேறு வேறு நிறத்தில் இருக்கும்.

ரசாயனம்: ஆர்ஏ-4 டெவலப்பர் ரெப்ளெனிஷர், காகிதத்தில் மிஞ்சும் வெள்ளியை நீக்கும் பிளிக்ஸ் (பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்தது), டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு அசிட்டிக் அமிலம். ஸ்டார்ட்டர் வாங்க வேண்டாம். லேப் இயந்திரத்தில் புதிய டெவலப்பரின் வேகத்தை அடக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும் நமக்கு அந்த வேகம் முழுதாகத் தேவை.

காகிதம்: ஆர்ஏ-4 கலர் பேப்பர், உதாரணமாக ஃபியூஜிகலர் கிரிஸ்டல் ஆர்கைவ். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், உறை மூடியபடியே சில மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த காகிதத்தைத் திறந்த மறுநொடி அதன்மேல் நீர் படியும்.

இவை தவிர: காகிதத்தைவிட ஒரு அளவு பெரிய ட்ரேக்கள் நான்கு, அவற்றை உட்கார வைக்க அகலமான டப், பாதி டிகிரி காட்டும் தெர்மாமீட்டர், நைட்ரைல் கையுறை, ஹேர் டிரையர். கலர் டெவலப்பர் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அதன்பின் சிறு துளி பட்டாலும் அரிக்கும். எனவே கையுறை கட்டாயம்.

2. இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும்

கருப்பு வெள்ளை காகிதத்துக்குப் போடும் சிவப்பு விளக்கு இங்கே உதவாது. கலர் பேப்பர் மூன்று நிறங்களையும் பார்க்கும். மிக மங்கலான அம்பர் விளக்கு என்று ஒரு வகை உண்டு. புதியவர்கள் அதையும் விட்டுவிடுவது நல்லது. ஒளியால் வந்த கறையா, ரசாயனத்தால் வந்த கறையா என்ற குழப்பமே எழாது.

அறையை மூடி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகுதான் ஒழுகல்கள் தெரியும்: கதவின் அடிப்பக்கம், எக்ஸாஸ்ட் ஃபேன் இடுக்கு, ஸ்டெபிலைசரின் சின்ன பச்சை விளக்கு, டைமரின் சிவப்பு எண்கள், என்லார்ஜர் ஹெட்டின் காற்றுத் துளைகள். எல்லாவற்றையும் கருப்பு டேப்பால் அடையுங்கள்.

பிறகு ஒரு துண்டு காகிதத்தின்மேல் நாணயத்தை வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்து பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் ஒளி வருகிறது என்று பொருள். எந்த ஒளி என்பதையும் அந்தக் கறையே சொல்லும். சிவப்பு ஒளி பட்டால் சியான் கறை, பச்சை பட்டால் மஜெந்தா, நீலம் பட்டால் மஞ்சள்.

3. வெப்பநிலையைத் தீர்மானித்தல்

வெளிநாட்டுக் குறிப்புகளில் அறை வெப்பநிலை என்றால் 20 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ இருட்டறை 28, 30 டிகிரியில் இருப்பது சாதாரணம். அதை 20க்கு இறக்க ஐஸ் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம். நம் அறை லேப் வெப்பத்துக்கு நெருக்கமாக இருப்பது நமக்குச் சாதகம்தான்.

ட்ரேக்களைத் தண்ணீர் நிரப்பிய டப்பில் உட்கார வையுங்கள். டப் தண்ணீர் அறையின் வெப்பத்துக்கு வந்து நின்றதும், அதுதான் அன்றைய வெப்பநிலை. பெரிய அளவு தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். இரண்டு மூன்று மணி நேர வேலைக்கு அது போதும். மாடித் தொட்டித் தண்ணீரை வெயில் நேரத்தில் நேராகப் பிடித்து ஊற்றாதீர்கள்.

டெவலப்பர் நேரத்துக்குத் தொடக்க அளவு இது: 20 முதல் 24 டிகிரி வரை 2 நிமிடம்; 25 முதல் 29 வரை ஒன்றரை நிமிடம்; 30உம் அதற்கு மேலும் 1 நிமிடம். உங்கள் துல்லியமான நேரத்தை 6ஆம் படியில் சோதித்துக் கண்டுபிடிப்போம்.

4. கரைசல்கள்

டெவலப்பர் ஏ, பி, சி என்று மூன்று பாட்டில்களில் வரும். முதலில் தண்ணீர், பிறகு ஏ, பி, சி. ஒன்று முழுதும் கரைந்த பின்பே அடுத்தது. பி-யில் நிறம் உண்டாக்கும் பொருள் இருக்கிறது, சி-யில் காரம் இருக்கிறது. இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் நிறப்பொருள் எண்ணெய் போலப் பிரியக்கூடும். முழு பாட்டிலையும் ஒரே நாளில் கலக்க வேண்டியதில்லை. 10 லிட்டருக்கான கிட் என்றால் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் 1 லிட்டர். மூன்றுக்கும் தனித்தனி சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் பாத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 15 மி.லி. செறிந்த அசிட்டிக் அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அது கிடைக்காவிட்டால், சமையலுக்கான வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. வேலை நன்றாகவே நடக்கும்.

பிளிக்ஸை அதன் பாட்டிலில் சொன்னபடி கலந்துகொள்ளுங்கள். கலக்கும்போது எக்ஸாஸ்ட் ஓடட்டும். வாடை கடுமையாக இருக்கும்.

கலக்கும் வரிசையும் முக்கியம்: டெவலப்பரை முதலில் கலந்து மூடி ஓரமாக வைத்த பிறகே பிளிக்ஸ் பாட்டிலைத் தொடுங்கள். பிளிக்ஸ் ஒரு சொட்டு டெவலப்பரில் விழுந்தாலே நிறம் கெட்டுவிடும்.

5. இருட்டில் கை போகும் வரிசை

இடமிருந்து வலமாக நான்கு ட்ரே: டெவலப்பர், ஸ்டாப், பிளிக்ஸ், தண்ணீர். டெவலப்பருக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள். பிளிக்ஸ் தெறிப்பு இடப்பக்கம் எட்டாது, இருட்டில் கைக்கும் எல்லை தெரியும்.

இடது கை டெவலப்பருக்கு மட்டும். அது காகிதத்தை ஸ்டாப் ட்ரேயில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஸ்டாப் கரைசலில் நனையக்கூடாது. அங்கிருந்து வலது கை. இதைப் பழைய காகிதமும் வெறும் தண்ணீரும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து முறை பழகுங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல் தொடங்குகிறவர்களின் டெவலப்பர் முதல் மணி நேரத்திலேயே கெட்டுப்போகிறது.

காகிதத்தை எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) மேலே இருக்கும்படி, ஒரே வீச்சில் டெவலப்பருக்குள் தள்ளுங்கள். தயங்கினால் கோடு விழும். எமல்ஷன் பக்கம் எது என்று இருட்டில் தெரியாவிட்டால், ஒரு மூலையை ஈர உதட்டில் தொட்டுப் பார்க்கலாம். லேசாக ஒட்டுவது எமல்ஷன். காகிதம் சுருள்வதும் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான். ரசாயனம் பட்ட கையால் இதைச் செய்யாதீர்கள்.

ட்ரேயின் ஓரங்களை மாற்றி மாற்றி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்லத் தூக்கி இறக்குங்கள். நேரம் முடிய 10 விநாடி இருக்கும்போது காகிதத்தை மூலையில் பிடித்துத் தூக்கி வடிய விடுங்கள். இந்த வடியும் நேரமும் டெவலப்பர் கணக்கில்தான் சேரும். பிறகு ஸ்டாப்பில் 30 விநாடி, விடாமல் ஆட்டியபடி. அடுத்து பிளிக்ஸில் 2 நிமிடம். அதில் ஒரு நிமிடம் கழிந்ததும் விளக்கைப் போடலாம். கடைசியாக ஓடும் தண்ணீரில் 3 நிமிடம். கலர் பேப்பர் பிளாஸ்டிக் பூச்சு கொண்டது. மணிக்கணக்கில் ஊறவைத்தால் ஓரங்கள் தண்ணீர் குடித்துப் பிளக்கும்.

நேரம் எண்ண ஒரு சுலபமான வழி உண்டு. "போடு", "தூக்கு", "ஸ்டாப்", "பிளிக்ஸ்", "விளக்கு" என்று சரியான இடைவெளிகளில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து, மொபைலைக் கதவுக்கு வெளியே வைத்து ஓட விடுங்கள். டைமர் வெளிச்சமும் இல்லை, ஒவ்வொரு பிரின்ட்டும் ஒரே நேரம்.

பேப்பர் டிரம் வைத்திருக்கிறவர்களுக்கு: காகிதத்தை இருட்டில் உள்ளே போட்டு மூடிவிட்டால் மற்ற எல்லாம் வெளிச்சத்தில்தான். ரசாயனமும் குறைவாகச் செலவாகும். ஆனால் ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் பிறகு டிரம்மைக் கழுவித் துடைக்க வேண்டும். உள்ளே தங்கும் பிளிக்ஸ் அடுத்த தாளின் டெவலப்பரைக் கெடுக்கும்.

6. படம் போடுவதற்கு முன் கருப்பும் வெள்ளையும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். செலவு ஒரே ஒரு தாள்.

தாளை ஐந்து பட்டைகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியைக் கருப்பு அட்டையால் அழுத்தி மூடி, என்லார்ஜரை நெகட்டிவ் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல், லென்ஸை முழுதாகத் திறந்து 30 விநாடி எரிய விடுங்கள். பட்டைகளை 45, 60, 90, 120, 150 விநாடி என்று டெவலப் செய்யுங்கள். எது எது என்று தெரிய, இருட்டிலேயே மூலைகளில் கத்தரியால் ஒன்று, இரண்டு, மூன்று வெட்டு போட்டு அடையாளம் வையுங்கள்.

உலர்த்திய பிறகு ஐந்தையும் பகல் வெளிச்சத்தில் வரிசையாக வையுங்கள். நேரம் போதாத பட்டையில் கருப்பு நீலம் கலந்து தெரியும். காகிதத்தில் மஞ்சள் நிற அடுக்கு மிக அடியில் இருக்கிறது. டெவலப்பர் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது. மஞ்சள் குறைந்தால் கருப்பு நீலமாகிறது. நேரம் கூடக் கூட அந்த நீலம் விலகி, ஒரு கட்டத்துக்குமேல் கருப்பு மாறாது. அது மாறாமல் நின்ற முதல் பட்டையின் நேரத்தோடு 15 விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் நேரம்.

அந்த நேரத்தில் வெள்ளைப் பாதி சுத்த வெள்ளையாகவும் இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ தட்டினால், காகிதம் பழசு, அல்லது டெவலப்பரில் ஏதோ கலந்திருக்கிறது, அல்லது ஒளி ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் படத்துக்குப் போனால், வெள்ளையில் உள்ள கறையை ஃபில்டரால் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். ஃபில்டரால் அதை எடுக்கவே முடியாது.

7. முதலில் அடர்த்தி

முதல் நெகட்டிவாகச் சரியான எக்ஸ்போஷரில், பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முகம், வெள்ளை வேட்டியோ சட்டையோ, சாம்பல் நிறமான ஏதாவது ஒன்று, மூன்றும் இருந்தால் மிக நல்லது. ஒவ்வொரு ரோலிலும் ஒரு ஃபிரேமில் சாம்பல் அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்கிறவர்களுக்கு பிற்பாடு பாதி வேலை மிச்சம்.

ஃபில்டரை மஜெந்தா 50, மஞ்சள் 60, சியான் 0 என்று வைத்துத் தொடங்குங்கள். நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தையும் காகிதத்தின் இயல்பையும் ஈடுகட்டவே இவ்வளவு தேவைப்படுகிறது. கலர் ஹெட்களின் அளவுகோல்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், எனவே இந்த எண்கள் தொடக்கம் மட்டுமே. சியானை எப்போதும் 0-விலேயே விடுங்கள். மூன்று ஃபில்டரும் சேர்ந்தால் அது வெறும் சாம்பல். ஒளியைத் தின்னுமே தவிர நிறத்தை மாற்றாது.

லென்ஸ் துளையை எஃப்/8-இல் வைத்து, அட்டையை நகர்த்தியபடி 4, 5.6, 8, 11, 16 விநாடி என்று டெஸ்ட் ஸ்ட்ரிப் (பட்டைக்குப் பட்டை வெவ்வேறு நேரம் ஒளி பட்ட சோதனைத் தாள்) எடுங்கள். முகமோ சாம்பலோ எல்லாப் பட்டையிலும் விழும்படி தாளை வையுங்கள். இப்போது நிறத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எந்தப் பட்டை சரியான கருமையில் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. வெளுத்த பிரின்ட்டில் நிறச்சாயல் மறைந்துகொள்ளும், கருத்த பிரின்ட்டில் பெரிதாகத் தெரியும். அடர்த்தி சரியாகாமல் நிறத்தை எடைபோட முடியாது.

8. பிறகு நிறம்

முதல் விதி: ஈரமாக இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். ஈரப் பிரின்ட்டில் பால் கலந்தது போல ஒரு நீலம் படிந்திருக்கும். ஹேர் டிரையரால் முழுதும் உலர்த்தியதும் அது போய்விடும். இதை அறியாமல் நீலத்தைச் சரிசெய்கிறேன் என்று மஞ்சள் ஃபில்டரைக் குறைத்து, உலர்ந்த பின் மஞ்சளாகிப்போன பிரின்ட்டோடு நிற்பது வழக்கமான விபத்து. பார்ப்பதும் ட்யூப்லைட்டில் வேண்டாம். பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம். இரவென்றால் நிறத்தை நன்றாகக் காட்டும் 5000 கெல்வின் விளக்கு.

இரண்டாவது விதி: பிரின்ட்டில் எந்த நிறம் மிகுதியோ, அந்த நிற ஃபில்டரைக் கூட்ட வேண்டும். கேட்க முரணாக இருக்கும். மஜெந்தா ஃபில்டர் பச்சை ஒளியைத் தடுக்கிறது. காகிதத்தில் மஜெந்தா சாயம் உண்டாவது பச்சை ஒளியால்தான். ஆகவே ஃபில்டர் கூடினால் சாயம் குறைகிறது. முழுக் கணக்கும் இதுதான்:

மஜெந்தா மிகுதி: மஜெந்தாவைக் கூட்டு.
பச்சை மிகுதி: மஜெந்தாவைக் குறை.
மஞ்சள் மிகுதி: மஞ்சளைக் கூட்டு.
நீலம் மிகுதி: மஞ்சளைக் குறை.
சிவப்பு மிகுதி: மஞ்சள், மஜெந்தா இரண்டையும் சம அளவு கூட்டு.
சியான் மிகுதி: இரண்டையும் சம அளவு குறை.

இதை எழுதி இருட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். களைத்த நேரத்தில் தலைகீழாகச் செய்யாதவர் இல்லை.

எவ்வளவு மாற்றுவது? அதுவா இதுவா என்று யோசிக்க வைக்கும் சாயலுக்கு 5. பார்த்ததும் தெரிந்தால் 10. படம் முழுக்க அதே நிறத்தில் மூழ்கியிருந்தால் 20 அல்லது 30. 30 என்றால் அந்த ஃபில்டர் தடுக்கும் ஒளியில் ஏறக்குறையப் பாதி. புதியவர்கள் 2, 3 என்று நகர்ந்து தாள்களை வீணாக்குகிறார்கள். துணிந்து 10 நகர்ந்து, எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று தெரிந்தால் 5 திரும்பி வாருங்கள். இரண்டு எல்லையும் தெரிந்த பின் நடுவைக் கண்டுபிடிப்பது எளிது.

அதிகம் குழம்புவது சிவப்புக்கும் மஜெந்தாவுக்கும் இடையிலும், நீலத்துக்கும் சியானுக்கும் இடையிலும்தான். முகத்தைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. மாநிறத்தில் கொஞ்சம் சிவப்பு எப்போதும் அழகாகத்தான் தெரியும். சாம்பலைப் பாருங்கள், வெள்ளைத் துணியின் நிழல் மடிப்பைப் பாருங்கள். அங்கே ஒளிந்துகொள்ள நிறத்துக்கு இடமில்லை.

ஃபில்டர் மாறினால் ஒளியும் மாறும். மஜெந்தாவில் 10 கூட்டினால் நேரத்தைத் தோராயமாக 20 சதவீதம் கூட்டுங்கள். குறைத்தால் அதே அளவில் குறையுங்கள். மஞ்சளுக்கு அநேகமாக எதுவும் தேவையில்லை.

ஒவ்வொரு பிரின்ட்டின் முதுகிலும் பெர்மனென்ட் மார்க்கரால் ஃபில்டர், நேரம், லென்ஸ் துளை, வெப்பநிலை நான்கையும் எழுதுங்கள். பென்சில் இந்தக் காகிதத்தில் நிற்காது. ஒரு ஃபிலிம் வகைக்குக் கிடைத்த எண்கள் அதே வகை அடுத்த ரோலுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். புதிய காகிதப் பெட்டி திறந்தால் மட்டும் மறுபடி ஒரு டெஸ்ட்.

9. தவறு எங்கே என்று பிரின்ட்டைப் பார்த்தே அறிதல்

கருப்பு நீலமாக, கலங்கலாக வருகிறது: டெவலப்பர் சோர்ந்துவிட்டது, அல்லது வெப்பம் இறங்கிவிட்டது. 1 லிட்டர் டெவலப்பரில் 8×10 அங்குலத் தாள் 20 வரை பாதுகாப்பாகப் போடலாம். புதிதாக வெளிர் நிறத்தில் இருந்த கரைசல் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால், எண்ணிக்கை பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ட்ரேயில் விரிந்து கிடக்கும் கரைசலைக் காற்று சீக்கிரம் கெடுக்கும், அதுவும் 30 டிகிரியில்.

இளஞ்சிவப்புக் கோடுகள், திட்டுகள்: ஸ்டாப் போதவில்லை. டெவலப்பர் பிளிக்ஸுக்குள் போய் அங்கே நிறத்தைத் தொடர்கிறது. வடிய விடுங்கள், ஸ்டாப்பைப் புதிதாக்குங்கள்.

நிறங்கள் மங்கி, அழுக்கேறியது போலத் தெரிகிறது: பிளிக்ஸ் பலவீனம்; வெள்ளி முழுதும் வெளியேறவில்லை. இது ஒன்றுதான் பின்னாலும் திருத்தக்கூடிய தவறு. புதிய பிளிக்ஸில் 3 நிமிடம், வெளிச்சத்திலேயே, மறுபடி போட்டுக் கழுவுங்கள்.

படம் மங்கலாக, இட வலம் மாறி வருகிறது: காகிதத்தைத் தலைகீழாக வைத்து முதுகு வழியாக எக்ஸ்போஸ் செய்திருக்கிறீர்கள்.

வெள்ளைப் புள்ளிகள்: நெகட்டிவில் தூசி. நெகட்டிவ் மாற்றும்போதெல்லாம் ஊதுபையால் ஊதுங்கள். ஃபேன் நின்றிருக்கட்டும்.

ஒரே அளவுகள், ஆனால் பிரின்ட்டுக்குப் பிரின்ட் நிறம் ஆடுகிறது: ஃபில்டரைத் தொடாதீர்கள். மின்னழுத்தம், தெர்மாமீட்டர், வடியும் நேரம், இந்த வரிசையில் பாருங்கள்.

10. வேலை முடிந்த பின்

டெவலப்பரை விளிம்புவரை நிரம்பும் சிறிய பாட்டில்களில் ஊற்றி மூடுங்கள்; காற்று தங்கும் இடம் குறைந்தால் ஆயுள் கூடும். எத்தனை தாள் போட்டது என்று பாட்டிலின்மேல் எழுதுங்கள். ட்ரேக்களில் டெவலப்பர் ட்ரேயை முதலில், தனி ஸ்பாஞ்சால் கழுவுங்கள். ட்ரேக்களின் அடியில் பெயர் எழுதி, எது எதற்கோ அதற்கே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய பிளிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கிறது. செடிக்கோ, கிணற்றோரத்திலோ, செப்டிக் டேங்கிலோ ஊற்ற வேண்டாம். கேனில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுக்கும் இடத்துக்கோ, அப்படி அனுப்பும் கலர் லேபுக்கோ கொடுத்துவிடுங்கள்.

பிரின்ட்களை மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். முழுதும் உலரும் முன் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது எமல்ஷன் கையோடு வரும்.